மாவு, மண், கருங்காலி

சார்லி சாப்ளின் கருங்காலியாக நடித்த படம் ஒன்று இருக்கிறது. இதைச் சொன்னால் தோழர்கள் சிலருக்குக் கோபம் வருகிறது. 'மாடர்ன் டைம்ஸ்' எடுத்தவர், லாரியிலிருந்து விழுந்த கொடியைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடித் தெரியாமலேயே ஊர்வலத்துக்குத் தலைவராகிப் போனவர், 1952இல் அமெரிக்காவுக்குத் திரும்பி நுழையும் அனுமதி பறிக்கப்பட்டவர், அவர் எப்படிக் கருங்காலியாவார்? ஆனால் படம் இருக்கிறது. 'டோ அண்ட் டைனமைட்', 1914 அக்டோபர் 26 வெளியீடு. இரண்டு ரீல், அரைமணிச் சொச்சம், ஊமைப்படம். கீஸ்டோன் கம்பெனிக்காகச் சாப்ளினே இயக்கியது.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு டீக்கடை, அதன் அடித்தளத்தில் ரொட்டிக்கூடம். ரொட்டி சுடுகிற தொழிலாளிகள் கூலி உயர்வு கேட்டு ஸ்ட்ரைக் பண்ணுகிறார்கள். முதலாளி அவர்களைத் துரத்திவிட்டு, மேலே பரிமாறிக்கொண்டிருந்த இரண்டு சர்வர்களைக் கீழே இறக்கி மாவு பிசைய விடுகிறான். ஒருவன் சார்லி, இன்னொருவன் செஸ்டர் காங்க்ளின். வேலை தெரியாத இரண்டு பேரும் மாவு மூட்டையோடு விழுகிறார்கள், எழுகிறார்கள், அடித்துக்கொள்கிறார்கள். வெளியே போன ஸ்ட்ரைக்காரர்கள் ஒரு ரொட்டிக்குள் டைனமைட்டை வைத்து உள்ளே அனுப்புகிறார்கள். அது அடுப்புக்குள் போகிறது. கட்டடம் வெடிக்கிறது. இடிபாட்டுக்கு நடுவே மாவுக் குவியலைப் பிளந்துகொண்டு சார்லியின் தலை வெளியே வருகிறது. முடிந்தது.

இந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது விருத்தாசலத்தில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அப்போது அது தென்னார்க்காடு மாவட்டம். வாசகர் வட்டம் என்று நாங்கள் ஐந்தாறு பேர் பேர் வைத்துக்கொண்டிருந்த ஒன்று, பதினாறு எம்.எம். புரொஜெக்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, சுவரில் வேட்டி கட்டிக் காட்டியது. பார்க்க வந்தவர்களில் பாதிக்கு மேல் பீங்கான் வேலை செய்கிறவர்கள். அன்றைக்கு அவர்கள் சொன்னதையும், அதை நான் எழுதிய விதத்தையும் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஆனால் அதற்குமுன் படம் எந்த மண்ணில் பிசையப்பட்டது என்று கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

ரொட்டிக்குள் டைனமைட் வைக்கிற தொழிலாளி என்ற உருவம் சாப்ளின் மூளையில் தனியாக முளைத்ததல்ல. கீஸ்டோன் ஸ்டுடியோ இருந்த லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில், 1910 அக்டோபர் 1 அன்று, தொழிற்சங்க விரோதத்துக்குப் பேர்போன 'லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்' பத்திரிகைக் கட்டடம் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. 21 பேர் செத்தார்கள். இரும்புத் தொழிலாளர் சங்கத்தோடு தொடர்புடைய மக்நமாரா சகோதரர்கள் 1911 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அந்த நகரத்தில் தொழிற்சங்கம் என்ற சொல் பல வருஷத்துக்குத் தலைதூக்க முடியாமல் போயிற்று. அதே 1914ஆம் வருஷம் ஏப்ரல் 20இல் கொலராடோ மாநிலத்தின் லட்லோவில், ஸ்ட்ரைக் செய்த நிலக்கரித் தொழிலாளிகளின் கூடாரங்களைப் படையும் கம்பெனி ஆட்களும் சுட்டுக் கொளுத்தினார்கள். பெண்களும் குழந்தைகளும் செத்தார்கள். முதலாளி பக்கத்து வன்முறை இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது, ஸ்டுடியோவின் சிரிப்புக்குத் தொழிலாளி கையிலிருந்த டைனமைட்தான் கிடைத்தது. இதைப் பொதுப்புத்தி என்று சொல்லி விட்டுவிடலாம். பொதுப்புத்தியை யார் தயாரிக்கிறார்கள் என்பதுதான் நம்முடைய பழைய கேள்வி.

ஆனால் இந்தப் படத்தைத் தயாரித்த கதையே ஒரு கூலிக் கதைதான். சாப்ளின் தன் சுயசரிதையில் சொல்கிறார்: ஒரு படத்துக்குச் செலவு 1,000 டாலருக்குள் அடங்கினால் இயக்குநருக்கு 25 டாலர் போனஸ். இந்தப் படம் 1,800 டாலரைத் தொட்டது. போனஸ் போச்சு. போட்ட காசை எடுக்க அதை இரண்டு ரீல் படமாக விற்றார்கள். முதல் வருஷமே 1,30,000 டாலருக்கு மேல் வசூல். 25 டாலர் இழந்தவன் உழைப்பில் 1,30,000. சில வாரத்துக்குள் சாப்ளின் அதிகச் சம்பளம் கேட்டார், கம்பெனி மறுத்தது, அவர் எஸ்ஸனே கம்பெனிக்கு வாரம் 1,250 டாலருக்குப் போய்விட்டார். திரையில் ஸ்ட்ரைக்கை உடைத்தவன் வெளியே தன் கூலிக்காக வேலையை விட்டு நடந்திருக்கிறான். ஏழு வயதில் லண்டன் ஏழைவிடுதியில் கிடந்தவன் கூலியின் அர்த்தம் தெரியாதவனா? தெரிந்தவன்தான் கருங்காலியாகவும் நடித்தான். இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள நம் விமர்சன மொழிக்கு வலு போதவில்லை. 'முற்போக்கு', 'பிற்போக்கு' என்று இரண்டு கூடைதான் நம் கையில்.

இனி, பார்த்தவர்கள்.

இந்தியாவில் சினிமா பார்த்தவர்களின் அபிப்பிராயத்தைத் திரட்டிய முதல் பெரிய முயற்சி 1927-28 இந்திய சினிமடோகிராப் கமிட்டி. தலைவர் நம்மூர்க்காரர், சென்னை வக்கீல் டி. ரங்காச்சாரியார். 4,325 கேள்வித்தாள்கள் அனுப்பினார்கள். 320 பதில்கள் வந்தன. 353 பேரை நேரில் விசாரித்தார்கள். சாட்சியங்கள் கனத்த தொகுதிகளாக அச்சாகியிருக்கின்றன. அதிகாரி, கல்விமான், பத்திரிகையாளர், தியேட்டர் முதலாளி, பட வியாபாரி எல்லோரும் பேசுகிறார்கள். சாப்ளின், ஹெரால்ட் லாயிட் சிரிப்புப் படங்களும், சண்டை நிறைந்த தொடர்படங்களும் படிக்காதவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று அவர்கள் வாயிலாகத் தெரிகிறது. படிக்காதவர்கள் வாயிலாக அல்ல. தரையில் உட்கார்ந்து பார்த்தவன் அந்தத் தொகுதிகளில் பேசப்படுகிறான். அவன் பேசுவது அபூர்வம். அவன் சிரித்தான் என்று மேல்வகுப்பு நாற்காலியில் இருந்தவர் சாட்சி சொல்கிறார். எதற்குச் சிரித்தான் என்பதையும் அவரே சொல்லிவிடுகிறார்: மொழி வேண்டாம், மூளை வேண்டாம், விழுந்தால் சிரிப்பு. தமிழ்ப் பேசும்படம் வந்தபிறகு நம் மேட்டுக்குடிகள் சினிமாவை எப்படிப் பார்த்தார்கள் என்பதை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1996இல் எழுதிய கட்டுரை விரிவாகப் பேசுகிறது. அந்தப் பயத்தின் ஊமைப்படக் காலத்து முன்னுரை இந்தச் சாட்சியங்களில் கிடக்கிறது.

இன்னொன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பிரிட்டிஷ் தணிக்கைக்காக டி.பி. ஓ'கானர் 1916இல் வகுத்த 43 தடைக் காரணங்களில் ஒன்று, முதலுக்கும் உழைப்புக்கும் உள்ள உறவைக் காட்டுவது. 1918 சினிமா சட்டத்துக்குப் பிறகு பம்பாய், கல்கத்தா, சென்னை, ரங்கூனில் வந்த தணிக்கை வாரியங்களும் அந்த வழியில்தான் நடந்தன. ஸ்ட்ரைக்கைப் பற்றி ஒருவன் அழுகைப் படம் எடுத்தால் கத்தரி. மாவை மூஞ்சியில் அப்பிக்கொண்டு எடுத்தால் அது வெறும் சிரிப்பு. கமிட்டி அறிக்கை வந்த அதே 1928இல் தென்னிந்திய ரயில்வே ஸ்ட்ரைக் நடந்து சிங்காரவேலர் சிறைக்குப் போனார். ரயில்வேத் தொழிலாளி எந்தப் படத்துக்கு எப்படிச் சிரித்தான் என்று கேட்கக் கமிட்டிக்குத் தோன்றவில்லை.

சரி, நாம் கேட்டோமா?

விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலுக்கும் ரயில் ஜங்ஷனுக்கும் பேர்பெற்ற ஊர். அதைவிட, பீங்கானுக்கு. நெய்வேலியில் நிலக்கரிக்காகத் தோண்டும்போது வெள்ளைக் களிமண்ணும் வருகிறது. விருத்தாசலத்தில் அரசாங்கத்தின் பீங்கான் தொழில்நுட்பப் படிப்பு உண்டு. பீங்கான் தொழிற்பேட்டை உண்டு. பொம்மை, அகல்விளக்கு, மின்சார ஃபியூஸ் கட்டை, ஜாடி என்று சின்னச் சின்ன யூனிட்கள். கூழாக்கிய மண்ணைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, ஓரம் சீவி, காயவைத்து, வண்ணம் பூசி, சூளையில் அடுக்கிச் சுடுவது வரைக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கை. சீவுவதும் பூசுவதும் பெரும்பாலும் பெண்கள் கை.

அந்தக் கைகளைத்தான் அன்றைக்கு நாங்கள் கூட்டியிருந்தோம். படத்துக்கு முன்னால் நான் கால்மணி நேரம் பேசினேன். பக்தினின் கார்னிவல், உடலின் கீழ்ப்பகுதி, தலைகீழாக்கம் என்றெல்லாம். யாரும் எழுந்து போகவில்லை, அது அவர்கள் பெருந்தன்மை. ஆங்கில எழுத்து அட்டை வரும்போதெல்லாம் ஒருவர் பக்கத்தில் நின்று தமிழில் சத்தமாகச் சொன்னார். ஊமைப்படக் காலத்தில் தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் இப்படி ஆள் நின்று கதை சொன்ன வழக்கம் இருந்தது. எங்கள் ஆளும் அந்தப் பரம்பரைக்காரன் மாதிரி, அட்டையில் இருப்பதைவிட இரண்டு வரி கூடவே சொன்னான். 'கூலி பத்தலன்னு வெளியேறிட்டாங்க' என்று அவன் சொன்னதும் கூட்டத்தில் ஒரு 'உம்' எழுந்தது. சிரிப்பு இல்லை. பிறகு சார்லி கீழே இறங்கினான்.

நான் எதிர்பார்த்தது, விழுகிற இடத்தில் சிரிப்பார்கள் என்று. விழுந்ததற்கு அவ்வளவாகச் சிரிக்கவில்லை. அவன் மாவு பிசைந்ததற்குச் சிரித்தார்கள். 'டேய், காத்து போகலடா, வெடிக்கப் போவுது' என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல். இது டைனமைட் வருவதற்கு ரொம்ப முன்னால். களிமண்ணில் காற்றும் ஈரமும் தங்கினால் சூளையில் பொருள் வெடிக்கும், பக்கத்தில் அடுக்கியதையும் சேர்த்து நாசம் பண்ணும். மண் பிசைகிறவனுக்கு இது முதல் பாடம். சார்லி மாவைத் திரித்துக் கையில் வளையல்போலச் சுற்றிக் கழற்றி வைத்து டோநட் பண்ணுகிற இடம் வந்தபோது ஆரவாரம். 'அச்சு இல்லாமலே எடுக்கிறாம் பாரு' என்றார் ஒருவர். அது கேலியல்ல. வேலை தெரியாதவன் தற்செயலாக ஒரு நல்ல வழி கண்டுபிடித்துவிட்டான் என்ற தொழில்காரனின் பாராட்டு. ஆக அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது கதையை அல்ல, கையை. விழுந்தால் சிரிப்பவர்கள் என்று 1928இல் சாட்சி சொன்ன கனவான்களை நான் அந்த வேட்டித் திரைக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன்.

தென்னார்க்காடு கூத்து நாடு என்பதையும் மறக்கக்கூடாது. ராசா மேடையில் நிற்கும்போதே அவனைக் கிண்டலடிக்கிற கட்டியங்காரனைப் பார்த்து வளர்ந்த கண்கள் இவை. கட்டியங்காரன் ராசாவிடம் வேலை செய்கிறவன். ராசா பக்கத்து ஆள்தான். ஆனாலும் சனங்கள் அவனோடு சிரிப்பார்கள், ராசாவைப் பார்த்துச் சிரிப்பார்கள். வேலைக்காரன் விசுவாசமானவனா துரோகியா என்று கூத்து பார்க்கிறவன் முதலில் கணக்குப் போடுவதில்லை. சார்லியை அவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன். (கவுண்டமணி செந்திலை உதைக்கும்போது நாம் யாரோடு சேர்ந்து சிரிக்கிறோம் என்பது வேறு கணக்கு. சார்லியின் உதை பெரும்பாலும் தன்னைவிடப் பெரியவன் பிட்டத்தில் விழும். அதைத் தனியாக எழுத வேண்டும்.)

பெண்கள் பக்கம் ஒரு இடத்தில் சத்தமே இல்லை. சார்லியின் மாவுக் கை பட்டுப் பெண்களின் உடையில், பின்புறத்தில், தடம் பதிகிற இடம். முதலாளி மனைவியின் பாவாடையிலும் அது பதிந்து, முதலாளி சந்தேகப்பட்டு அடிதடி ஆகிறது. ஆண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான்கூட. வண்ணம் பூசுகிற வேலையிலிருந்த ஒரு பெண், முடிந்தபிறகு, யாரையும் பார்க்காமல் சொன்னார்: 'மண்ணுக் கை பட்டாலும் இப்படித்தாங்க தெரியும். தட்டி வுட்டுட்டு வீட்டுக்குப் போவணும்.' மேலே கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கார்னிவலில் உடலின் கீழ்ப்பகுதி அதிகாரத்தைக் கவிழ்க்கிறது என்று கால்மணி நேரம் பேசியவன் நான். யாருடைய உடல் என்று கேட்டுக்கொள்ளாமல் பேசியிருக்கிறேன்.

சிரிப்பைப் பற்றி இரண்டு ஜெர்மானியர்கள் கடிதத்தில் சண்டை போட்டிருக்கிறார்கள். வால்டர் பெஞ்சமின், பிக்காசோ ஓவியத்தின் முன்னால் பிற்போக்காக நிற்கிற அதே சனங்கள் சாப்ளின் படத்தின் முன்னால் முற்போக்காகிறார்கள் என்றார். அடோர்னோ 1936 மார்ச்சில் அவருக்கு எழுதினார்: சினிமாக் கொட்டகைச் சிரிப்பில் புரட்சியும் இல்லை, நல்லதும் இல்லை, மோசமான முதலாளியக் குரூரம்தான் நிரம்பியிருக்கிறது. ரெண்டு பேருமே பார்வையாளனை ஒற்றை ஆளாகத்தான் வைத்துக்கொண்டார்கள். ஒரே வேட்டித் திரைக்கு முன்னால், ஒரே நொடியில், முன்வரிசைக்காரன் பெஞ்சமின் சொன்ன மாதிரியும், நானும் மற்ற ஆண்களும் அடோர்னோ சொன்ன மாதிரியும் சிரிக்க முடியும், வண்ணம் பூசுகிறவர் சிரிக்காமலும் இருக்க முடியும் என்பதற்கு அவர்கள் கடிதத்தில் இடமில்லை.

கருங்காலி விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் இந்தச் சொல்லுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கி மூன்றே வருஷத்தில், 1921இல், பக்கிங்காம் கர்னாடிக் ஆலைகளில் மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளிகளில் பெரும்பகுதி வேலைக்குப் போனார்கள். சங்கத்தின் பார்வையில் அவர்கள் கருங்காலிகள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. கலவரம், போலீஸ் துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. எம்.சி. ராஜா தன் மக்கள் பக்கம் நின்று பேசினார். திரு.வி.க. சங்கத்தின் பக்கம் நின்றார். வெள்ளைக்கார நிர்வாகம் இரண்டு பேரையும் மோதவிட்டது என்று நம் தொழிற்சங்க வரலாறுகள் ஒரு வரியில் முடித்துக்கொள்ளும். பொய்யில்லை. ஆனால் சேரியில் இருந்தவனுக்கு இரண்டு மாசம் கூலியில்லாமல் தாக்குப்பிடிக்க என்ன இருந்தது, ஊர்ப் பக்கத்துச் சங்கத்துக்காரன் வீட்டில் அவனுக்கு ஒரு வாய் சோறு உண்டா, சங்கத்தில் அவன் குரலுக்கு எந்த இடம் என்ற கேள்விகளை அந்த ஒரு வரி விழுங்கிவிடுகிறது. குலத்தைக் கெடுக்க வந்த கோடரிக்காம்பு என்று சொல்லுமுன், காம்பைக் குலத்தில் சேர்த்திருந்தார்களா என்று கேட்க வேண்டாமா?

அன்றைக்குப் படம் முடிந்து, டீ வந்து, ஆளாளுக்குப் பேசினார்கள். சங்கத்தில் இருந்த ஒரு தோழர், படம் ஸ்ட்ரைக்கைக் கொச்சைப்படுத்துகிறது, இதைத் தொழிலாளிக்குக் காட்டியிருக்கவே கூடாது என்றார். அவர் வாதம் சரியான வாதம்தான், இன்றைக்கும் எனக்கு அதில் பாதி சம்மதம். இன்னொருவர், கடைசியில் வெடித்தது முதலாளி கட்டடந்தானே என்றார். சிரிப்பு. அப்புறம் பின்னால் சுவரோரமாக உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் பேசினார். காலனியிலிருந்து வந்தவர், சூளையில் அடுக்கி எரிக்கிற வேலையில் இருந்து ஓய்ந்தவர். எழுபதுகளில் அவர் வேலை பார்த்த இடத்தில் ஒரு ஸ்ட்ரைக் நடந்திருக்கிறது. சூளையை நினைத்த நேரத்தில் அணைக்க முடியாது. பாதி வெந்ததை ஆறவிட்டால் உள்ளே இருக்கிறது அத்தனையும் வீண். தொடர்ந்து எரிகிற சூளையைச் சட்டென்று குளிரவிட்டால் உள்சுவர்ச் செங்கலே வெடித்துவிடும், திரும்பப் பற்றவைக்க நாளாகும். இவர் இரண்டு ராத்திரி உள்ளே போய் நெருப்பைப் பார்த்திருக்கிறார். 'ஸ்ட்ரைக்கு முடிஞ்சி எல்லாரும் திரும்பி வந்தா நிக்கறதுக்குச் சூளை வேணும்ல, அதுக்கோசரம் போனேன்.' ஆபீஸிலிருந்தும் இரண்டு பேர் போனார்களாம். அவர்களுக்கு ஒரு பேரும் வரவில்லை. இவருக்கு மட்டும் கருங்காலி என்ற பேர் வந்து, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வரைக்கும் கூடவே வந்திருக்கிறது.

தோழர் அதற்கு, போகாமல் இருந்திருந்தால் முதலாளி இரண்டே நாளில் பேச்சுவார்த்தைக்கு வந்திருப்பான், சூளைதான் நம் கையிலிருந்த ஒரே ஆயுதம் என்றார். அதுவும் உண்மை. பெரியவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மறுத்துப் பேசவில்லை.

அந்த வாரமே நான் இந்தத் திரையிடலைப் பற்றி ஒரு சிறு பத்திரிகைக்கு எழுதி அனுப்பினேன். மூன்று பக்கம் வந்தது. பக்தின் இருந்தார், பெஞ்சமின் இருந்தார், மாவுப் பிசைதலுக்கு எழுந்த சிரிப்பு இருந்தது, உழைப்பாளியின் கண் என்று அதற்கு ஒரு தலைப்பும் கொடுத்திருந்தேன். வண்ணம் பூசுகிறவர் சொன்னது இல்லை. பெரியவர் பேசியதும் இல்லை. கட்டுரையின் ஓட்டத்துக்கு இடைஞ்சலாக இருந்தது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூட்டத்தில் சாதியைக் கிளப்பியதாக ஆகிவிடும், சங்கத் தோழர் வருத்தப்படுவார் என்ற பயமும் இருந்தது. ரங்காச்சாரியார் கமிட்டிக்கு வேண்டியது ஆங்கிலம் தெரிந்த சாட்சிகள். எனக்கு வேண்டியது என் கோட்பாட்டுக்குத் தோதான சாட்சிகள்.

ஆகவே முப்பது வருஷத்துக்கு மேல் தாமதமாக, அந்தப் பெரியவர் படத்தைப் பற்றிச் சொன்ன அபிப்பிராயத்தை இங்கே பதிவு செய்கிறேன். தன் கதையைச் சொல்லிவிட்டு அவர் புரொஜெக்டர்காரரைப் பார்த்துக் கேட்டார்: 'அந்த ரொட்டிக்காரங்க வெளிய போனாங்களே, அப்ப அடுப்புல ரொட்டி வெந்துகிட்டு இருந்துச்சா, இல்ல எடுத்து வச்சிட்டுப் போனாங்களா? அந்த எடத்த மட்டும் இன்னொருவாட்டி போடு தம்பி, பாக்கணும்.' கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று புரொஜெக்டர்காரர் ரீலைப் பெட்டிக்குள் வைத்து மூடியிருந்தார்.